ஒத்திகைதானே சார்

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்க என் வீட்டுக்கு வந்த நிலைய அலுவலர், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "கொஞ்சம் ஜாலியா எழுதுங்க சார், அப்பத்தான் பசங்க படிப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு வெகுநேரம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோபம் அவர்மீது இல்லை, அவர் தங்கமான மனிதர். அந்தச் சொல்லின்மீதுதான் கோபம். தீயணைப்புத் துறையில் என் கடைசிச் சில ஆண்டுகளில் அந்தச் சொல்லைக் கேட்காமல் ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. சிலிண்டர் கசிவைப் பற்றிப் பேசப் போனால் ஜாலியாகப் பேச வேண்டும். பாம்பு வீட்டுக்குள் புகுந்தால் என்ன செய்வது என்று சொல்லப் போனால் நடுநடுவே பாட்டுப் போட வேண்டும். கல்யாண மண்டபத்தில் அவசர வழி எங்கே என்று காட்டப் போன இடத்தில், எங்கள் ஆளைப் பிடித்து ஆடச் சொன்னார்கள். அவனும் ஆடினான். அவசர வழி எங்கே இருக்கிறது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

என்னைச் சிடுமூஞ்சி என்று நினைக்காதீர்கள். எனக்கும் சிரிப்புப் பிடிக்கும். சொல்லப்போனால், ஜாலி வருவதற்கு முன்னால் நாங்கள் நடத்திய வகுப்புகள் மகா மோசம். வெயிலில் பிள்ளைகளை உட்காரவைத்து, தாளைப் பார்த்துப் படித்துவிட்டு வருவோம். பாதிப் பிள்ளைகள் தூங்கும், மீதி மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும். அதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆகவே அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. எது சரி என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாகத் தெரியாது. எது சரியில்லை என்று மட்டும் ஒரு நாள் தெரிந்துகொண்டேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம். நான் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே இருந்தவர் அதிகம் பேசாதவர். குடவாசல் பக்கத்து ஊர் ஒன்றில் கூரை வீடு தீப்பற்றியது. நாங்கள் போய் இறங்கியபோது வாசலில் ஒரு பெண் தலையில் அடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். கையில் தீக்காயம். நாங்கள் எல்லோரும் அந்த அம்மாவிடம் ஓடினோம். அந்த அதிகாரி மட்டும் எங்களைத் தாண்டிக் கொல்லைப்புறம் போனார். அங்கே மாட்டுக் கொட்டகைக்குள் புகையில் சுருண்டு கிடந்த ஆளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். திரும்பும் வழியில் வண்டியில் வைத்து எங்களை வாங்கு வாங்கென்று வாங்கினார். "கத்துறவங்களுக்கு மூச்சு இருக்குடா. சத்தம் வராத பக்கம் எவன் கெடக்கான்னு பாருங்க" என்றார். அதற்குப் பிறகு எந்தச் சம்பவத்துக்குப் போனாலும் இரைச்சலுக்கு எதிர்ப்பக்கம்தான் என் கண் முதலில் போகும். பழக்கம் அப்படி ஆகிவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பருவமழைக்கு முன்னால் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் வெள்ள மீட்பு செய்து காட்டுவோம் இல்லையா, அதற்குத் துறையில் ஒத்திகை என்று பெயர். ஊரில் ஒத்திகை என்றால் நாடகத்துக்குப் பார்ப்பது. நாங்கள் ரப்பர் படகை இறக்கும்போது, "சார், இன்னைக்கு ஒத்திகைன்னா நாடகம் என்னைக்கு?" என்று பிள்ளைகள் கேட்கும். கேட்டுவிட்டுச் சிரிக்கும், நாங்களும் சிரிப்போம். அந்தச் சொல்லை வைத்திருக்கும்வரை இந்தத் தொல்லை தீராது என்று அப்போது எனக்குத் தோன்றியதில்லை.

அந்த ஆண்டு தாராசுரத்தைத் தாண்டி அரசலாற்றங்கரையில் இருந்த ஒரு தனியார் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. பள்ளியின் பெயர் வேண்டாம். அவர்கள் நிகழ்ச்சி நடத்தித் தருவதற்கென்றே ஒரு குழுவை அமர்த்தியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் படித்துறைக்கு மேலே ஷாமியானா, மேடை, ஆளுயரத்துக்கு ஸ்பீக்கர். பேனரில் எங்கள் படங்களுக்கு நடுவில் ஆற்றுக்குக் கண், மூக்கு, மீசை வைத்து வில்லன் மாதிரி வரைந்திருந்தார்கள். தொகுத்து வழங்கும் பையன் மினுமினுக்கும் சட்டை போட்டு, காதோரம் மைக் மாட்டிக்கொண்டு சுழன்று கொண்டிருந்தான். அதோடு, பிள்ளைகளுக்கு உற்சாகம் வர வேண்டும் என்று ஆளுக்கொரு விசில் கொடுத்திருந்தார்கள். நம் துறையில் விசில் என்பது பேச்சு. நீளமாக ஒரு தடவை ஊதினால், செய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார் என்று அர்த்தம். அன்றைக்கு அங்கே அந்தப் பேச்சு பள்ளிக்கூடம் முழுக்க வாயில் இருந்தது.

முழுகுகிற ஆளாக நடிக்க வேண்டியவன் குமரவேல். எங்கள் நிலையத்திலேயே நல்ல நீச்சல்காரன். குடவாசல்காரன், வாய்க்காலில் விழுந்து வளர்ந்தவன். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் யாழினியை அன்றைக்கு அவன் கூடவே அழைத்து வந்திருந்தான். அப்பா வேலை செய்வதைப் பார்க்க வேண்டும் என்று அவள் பல நாளாக நச்சரித்தாளாம். முதல் வரிசையில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள்.

நிகழ்ச்சிக்கு முன்னால் குமரவேல் ஒருமுறை தண்ணீரில் இறங்கி, நான் சொல்லிக் கொடுத்தபடி செய்து காட்டினான். தலை மட்டும் தெரியும், வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும், சத்தமே இருக்காது. தொகுப்பாளர் பையன் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"சார், என்ன சார் இது? ஆளு சும்மா நிக்கிற மாதிரி இருக்கு. கையை ஆட்டணும், ஐயோ அம்மான்னு கத்தணும். இல்லன்னா பசங்க உக்கார மாட்டாங்க."

"முழுகுறவன் கத்த மாட்டான் தம்பி. கத்த மூச்சு வேணும்ல."

"அது நெஜத்துல சார். இது ஷோ."

நான் பதில் சொல்வதற்குள் குமரவேல் குறுக்கே வந்தான். "விடுங்க சார், பசங்க சந்தோஷமாப் பாக்கட்டும். எம் பொண்ணும் உக்காந்திருக்கு."

கிராமத்து ஆள் மாதிரி இருக்க வேண்டும் என்று அவனுக்கு ஒரு வேட்டியைக் கட்டிவிட்டார்கள். வேட்டி வேண்டாம் என்றேன். உள்ளே டிராயர் போட்டிருக்கிறேன் சார், பார்த்துக்கொள்கிறேன் என்றான். அடுத்து, படம் பிடிக்க வந்த பையன் கயிற்றைக் காட்டினான். இடுப்பில் கட்டியிருக்கும் கயிறு படத்தில் தெரிகிறதாம், ஃபீல் வராதாம். கயிறு இல்லாமல் என் ஆள் இறங்க மாட்டான், கயிறு கூடாதென்றால் இப்போதே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறோம் என்று கறாராகச் சொன்னேன். சரி சார், சரி சார் என்று தலையாட்டினார்கள். அந்த நேரம் பார்த்துத் தாளாளர் எனக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று மேடைக்கு இழுத்துக்கொண்டு போனார். நான் மேடையேறியதும் கயிறு அவிழ்ந்துவிட்டது. யார் அவிழ்த்தது என்று பிறகு விசாரித்தபோது ஒவ்வொருவரும் இன்னொருவரைக் காட்டினார்கள். குமரவேல் தானே அவிழ்த்துக் கொடுத்திருப்பான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது இடுப்பில் கயிற்றோடு இறங்க எந்த அப்பனுக்குத்தான் மனசு வரும்?

புரட்டாசி மாதம். ஆற்றில் தண்ணீர் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. குமரவேல் நடு ஆற்றுக்குப் போய், "ஐயோ, காப்பாத்துங்க" என்று ஆரம்பித்தான். அட்டகாசமாக நடித்தான், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. முழுகி எழுந்து கன்னத்தை உப்பிக்கொண்டு தண்ணீரைப் பீய்ச்சினான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "யாரு சத்தமாக் கை தட்டுறீங்களோ அவங்களுக்குப் பரிசு" என்று தொகுப்பாளர் அறிவித்தான். ரப்பர் படகில் இருந்த எங்கள் ஆட்கள் படித்துறைக்கு மேற்கே தயாராக நின்றார்கள். ஆனால் அவர்கள் கண் ஆற்றில் இல்லை. தொகுப்பாளர் மூன்று எண்ணியதும் புறப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆகவே அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேடையில் தாளாளர் என் தோளில் பொன்னாடையைப் போட்டு, கேமராவுக்காக என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். அவர் தலைக்கு மேலாக எனக்கு ஆறு தெரிந்தது. குமரவேல் தண்ணீர் போக்கில் கொஞ்சம் கிழக்கே, கரையோரமாகத் தள்ளிப் போயிருந்தான். கரை அரிக்காமல் இருக்க எப்போதோ அடித்த மூங்கில் முளைகள் அங்கே தண்ணீருக்குள் இருக்கின்றன, மேலே ஆகாயத்தாமரை ஒதுங்கிக் கிடந்தது. அவன் மறுபடி மேலே வந்தான். இந்த முறை சத்தம் இல்லை.

"என்ன அண்ணே, அதுக்குள்ள டயர்டா? நடிப்பு பத்தலையே. பசங்களா, அண்ணனுக்குக் கேக்கலையாம், இன்னும் சத்தமா" என்றான் தொகுப்பாளர். கைதட்டல் கூடியது.

குமரவேலின் தலை பின்னால் சாய்ந்திருந்தது. வாய் தண்ணீருக்கு மேலே வருவதும் உள்ளே போவதுமாக இருந்தது. கைகள் இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கின, ஏணியில் ஏறப் பார்ப்பவன் மாதிரி. காலையில் நான் செய்யச் சொல்லி, வேண்டாம் என்று ஒதுக்கினார்களே, அதே மாதிரி இருந்தான்.

தாளாளர் கையை உதறிவிட்டு விசிலை எடுத்து நீளமாக ஊதினேன். அவ்வளவுதான், பள்ளிக்கூடம் மொத்தமும் பதிலுக்கு ஊதியது. படகில் இருந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கத்தினேன். ஸ்பீக்கர் முன்னால் என் கத்தல் எனக்கே கேட்கவில்லை. மைக்கைப் பிடுங்கலாமா என்று ஒரு யோசனை. பிடுங்கி, நான் சொல்லி, அதை அவர்கள் நம்பிப் படகைத் திருப்புவதற்குள் ஆள் போய்விடுவான். படியில் ஓடி இறங்கினேன்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். கடைசிப் படிக்கு முந்திய படியில் குமரவேலின் கயிறு சுருட்டி வைத்திருந்தது. அப்படியே குதித்துவிடு என்று உடம்பு முழுக்கத் துடிக்கிறது. என் பையன் வயசு அவனுக்கு. குதித்திருந்தால் எனக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும், ஆற்றுக்கு இரண்டு பிணம் கிடைத்திருக்கும். நின்று, கயிற்றை இடுப்பில் கட்டி, முடிச்சை இழுத்துப் பார்த்தேன். அவன் முழுகிக்கொண்டிருக்கும்போது நான் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் தூக்கத்தில் என் விரல்கள் அந்த முடிச்சைப் போடுகின்றன. ஆனாலும் சொல்கிறேன், கயிறு கட்டாமல் இறங்காதீர்கள்.

மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். பக்கத்தில் இருந்தது படம் பிடிக்கும் பையன் மட்டும்தான். கேமராவை என் முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"கேமராவைக் கீழ வை. இதைப் புடி."

"ஒத்திகைதானே சார்?"

"செத்துக்கிட்டிருக்கான்டா."

அவன் ஆற்றைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கேமராவைப் படியில் போட்டுவிட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டான். அதற்குள் பள்ளி வேன் ஓட்டுநர் ஒருவர் மேலிருந்து ஓடிவந்து அவனோடு சேர்ந்து பிடித்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

நான் குதித்ததும், "அடடடா, ஆபீசரே எறங்கிட்டாரு, போடு ஒரு விசில்" என்ற குரல் தண்ணீருக்குள் போகும்வரை கேட்டது. போய்ச் சேர்ந்தபோது அவன் தலை உள்ளே போயிருந்தது. பிடித்து இழுத்தால் வரவில்லை. கீழே தடவினேன். வேட்டி முளையில் சுற்றி, காலோடு இறுகியிருந்தது. முளையிலிருந்து அதை அவிழ்க்க முடிகிற நிலைமை இல்லை. இடுப்பிலிருந்து வேட்டியை உரித்து, முளையிலேயே விட்டு, காலை உருவிக்கொண்டு அவன் கக்கத்தில் கை கொடுத்தேன். கயிறு எங்களை இழுத்தது.

டிராயரோடு அவன் படியில் வந்து விழுந்ததும் கூட்டம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. அவனுக்கு மூச்சு இல்லை. கண் திறந்திருந்தது. தலையை நிமிர்த்தி ஊதினேன். நெஞ்சை அமுக்கினேன், மறுபடி ஊதினேன். மேலே பாட்டுப் போட்டார்கள். அப்புறம் ஒரு இருமல். தண்ணீரும் சோறுமாகக் கக்கினான். அவன் இருமிய அந்தச் சத்தத்துக்கு நான் அழுதேன், எல்லோருக்கும் முன்னாலேயே அழுதேன். அதற்கும் கை தட்டினார்கள்.

அப்போதுதான் எங்கள் ஆட்களுக்கு விளங்கிப் படகிலிருந்து ஓடிவந்தார்கள். அவனை அவர்களிடம் கொடுத்து, ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொல்லிவிட்டு, ஈரத்தோடு மேடையேறி மைக்கைப் பிடுங்கினேன். "இது நடிப்பில்லை. அவர் நிஜமாகவே முழுகினார். கொஞ்சத்தில் செத்திருப்பார்" என்றேன். அதைவிடப் பெரிய கைதட்டல் அன்றைக்கு வேறெதற்கும் வரவில்லை. எழுந்து நின்று தட்டினார்கள். தொகுப்பாளர் பையனுக்கு மட்டும் பக்கத்திலிருந்து என் முகம் தெரிந்தது. காதோர மைக்கைக் கழற்றிக்கொண்டே, "சார், நெஜமாவா?" என்று மெல்லக் கேட்டான். நான் தலையாட்டியதும் மேடையின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டான். அன்று சாயங்காலம் அவனை ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தேன். அதே மினுமினுப்புச் சட்டை. உள்ளே வரத் தைரியம் இல்லாமல் நின்றுகொண்டிருந்தான். அவனைத் திட்ட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். "டீ குடிச்சியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனேன்.

குமரவேல் அன்றைக்கு என்னிடம் ஒன்று சொன்னான். "கை தட்டுறது உள்ள வரைக்கும் கேட்டுச்சு சார். அப்பாடா, நம்மளப் பாத்துட்டாங்கன்னு நெனச்சேன்."

அந்த வீடியோ பிறகு ஊரெல்லாம் சுற்றியது. வேட்டி இல்லாமல் அவன் வந்து விழுகிற இடத்தில் ஒரு தவளைச் சத்தம் சேர்த்திருந்தார்கள். எனக்கே மூன்று பேர் அனுப்பினார்கள், அதில் ஒருவர் என் மைத்துனர்.

நீங்கள் கேட்பீர்கள், பிறகு என்ன மாற்றினீர்கள் என்று. ஓய்வு பெறும்வரை நான் நடத்திய ஒத்திகைகளில் முழுகுகிறவன் சத்தம் போடவில்லை. இடுப்பில் கயிறு எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது. ஸ்பீக்கர் வைத்தால் வரமாட்டேன் என்றேன். சில பள்ளிகள் அதோடு கூப்பிடுவதை நிறுத்திவிட்டன. ஒரு ஊரில், ஆள் முழுகிக்கொண்டிருக்கும்போதே ஒரு பையன் எழுந்து, "ஒண்ணுமே நடக்கலையே சார்" என்றான். "ஆமாம்ப்பா, பாத்தா இப்படித்தான் இருக்கும்" என்றேன். அவன் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அவன் மனதில் அது தங்கியதா, இல்லை நான் மறுபடியும் பழைய தூக்க வகுப்புக்கே போய்விட்டேனா, எனக்குத் தெரியாது. உங்களில் யாருக்காவது இதைவிட நல்ல வழி தோன்றினால் செய்து பாருங்கள். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நிஜத்தில் எப்படி இருக்குமோ அப்படித்தான் காட்ட வேண்டும். பார்க்கிறவர்களுக்குப் பிடிக்கும் என்பதற்காக அதை மாற்றாதீர்கள்.

என்னை இன்றுவரை நிம்மதியாக இருக்கவிடாத விஷயம் இவை எதுவும் இல்லை. சத்தமாகக் கை தட்டியதற்கான பரிசு அன்றைக்கு யாழினிக்குத்தான் கிடைத்தது. அவள் யார் மகள் என்று தெரியாத யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

குமரவேல் வீட்டுக்குத் திரும்பிய பிறகு அவனைப் பார்க்கக் குடவாசல் போனேன். கூடத்தில் கட்டிலில் சாய்ந்திருந்தான். நாங்கள் எல்லாவற்றையும் பேசினோம், அதைத் தவிர. யாழினி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வந்ததிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான் இருக்கிறாள் என்று அவள் அம்மா சொன்னார். நான் கிளம்ப எழுந்தபோது என் பக்கத்தில் வந்தாள்.

"ஆபீசர் தாத்தா, நான் கை தட்டுனது அப்பாவுக்குக் கேட்டுச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் குமரவேல் முந்திக்கொண்டான். "கேட்டுச்சுடா தங்கம். அந்தச் சத்தத்த வச்சுத்தான் கரை எந்தப் பக்கம்னு தெரிஞ்சுது. நீ தட்டுனதாலதான் அப்பா வந்துட்டேன்."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ வரலப்பா. இவங்கதான் இழுத்துட்டு வந்தாங்க. நீ கண்ணு முழிச்சுக்கிட்டே படுத்திருந்த. கூப்புட்டா பேசல." அவள் தன் உள்ளங்கைகளை விரித்து ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள். "நான் அப்பவும் தட்டிக்கிட்டுத்தான் இருந்தேன்."